மோட்டார் சைக்கிள் கீறலை வீட்டிலேயே சரிசெய்தல்: மழை ஊர்க்காரர்களுக்கான குறிப்புகள்

கீறல் விழுந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை அதன் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிச் சென்றால், அந்தக் கீறலுக்குப் பெயிண்ட் தேவையில்லை. இன்னும் ஐயம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விடலாம். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால், அடிபட்டது மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் மட்டுமே என்று கொள்ளலாம். மியான்மரின் மோல்மீனில் என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் இதுவரை விழுந்த கீறல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்; சாவிக்கொத்து உரசியது, கோவில் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்து வண்டியின் கைப்பிடி இழுத்தது போன்றவை.

இவற்றைத் தேய்த்தே போக்கிவிடலாம். ஆனால் தேய்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அடிப்பூச்சான பிரைமர், நிறம், கிளியர் கோட் என எல்லாப் படலங்களும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். முதலில் ரப்பிங் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைச் சுத்தமான பருத்தித் துணியில் தொட்டு, சிறு வட்டமாக இரண்டு மூன்று நிமிடம் கையால் தேய்த்துப் பாருங்கள். பாதிக் கீறல்கள் இதற்கே அடங்கிவிடும். அடங்காதவற்றுக்கு 2000 எண் வாட்டர் பேப்பரை (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பள்ளிக்கூட ரப்பர் ஒன்றில் சுற்றி, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். விரலால் நேராக அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் குழிந்துவிடும். வழியும் தண்ணீர் பால் நிறத்தில் இருக்கும்வரை கிளியர் கோட்தான் கரைகிறது. அதில் வண்டியின் நிறம் கலக்கத் தொடங்கிய அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். கிளியர் கோட் இல்லாமல் நிறத்தை மட்டுமே பூசிய பழைய வண்டிகளில் முதல் தேய்ப்பிலேயே நிறம் வரும் என்பதால், மறைவான ஓர் இடத்தில் முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது. தேய்த்த இடம் மங்கலாகத் தெரிவதைக் கண்டு பதற வேண்டாம். காம்பவுண்டும் அதன் பிறகு பாலிஷும் போட்டால் பளபளப்பு திரும்பிவிடும். பற்பசையைப் பூசச் சொல்பவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அதுவும் ஒரு தேய்ப்புப் பொருள்தான், ஆனால் அதன் துகள் எவ்வளவு முரடு என்பது நம் கையில் இல்லை.

பளபளப்பில்லாத மேட் நிறம் பூசிய வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கி, கீறலைவிட அசிங்கமாகத் தெரியும்.

நகம் தடுக்கினால் வேலை வேறு. கீறலின் அடியில் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் அது பெரும்பாலும் பிரைமர். பளபளக்கும் உலோகமோ துருவோ தெரிந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், இரவு முழுவதும் திறந்து கிடக்கும் இரும்பில் விடியும்போது செம்பழுப்பு நிறம் படர்ந்திருப்பதைக் காணலாம். துருவின் மேல் பெயிண்ட் பூசினால், துரு அடியிலேயே பரவிச் சில மாதங்களில் கொப்புளமாக எழும்பும். ஆகவே சிறு துண்டு வாட்டர் பேப்பரை மடித்து, அதன் விளிம்பால் கீறலுக்குள் மட்டும் சுரண்டித் துருவை முழுக்க எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் எண்ணெயும் மெழுகும் போகத் துடைத்து, உலர்ந்தவுடன் துருத்தடுப்புப் பிரைமரைத் தொட்டுவைக்க வேண்டும். பக்கக் கவசங்கள் பிளாஸ்டிக் என்பதால் துருக் கவலை இல்லை. ஆனால் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமர் இல்லாவிட்டால் நிறம் பின்னால் செதிலாக உரியும்.

நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். பல வண்டிகளில் இருக்கைக்கு அடியிலோ சட்டத்திலோ ஒட்டியுள்ள சீட்டில் நிறக் குறியீடு இருக்கும். அது கிடைக்காவிட்டால் கழற்ற எளிதான ஒரு பாகத்தைக் கடைக்கே எடுத்துச் செல்லலாம். குப்பியோடு வரும் தூரிகை கீறலுக்கு மிகத் தடிமனானது. நான் பல்குத்தும் குச்சியின் நுனியைத்தான் பயன்படுத்துகிறேன். குச்சியில் ஒரு துளி எடுத்து, கீறலின் ஒரு முனையில் வைத்தால், பெயிண்ட் அந்தப் பள்ளத்தின் வழியே தானாகவே ஓடி நிரம்பும். ஒரே தடவையில் நிரப்பிவிட நினைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டு, சுற்றியுள்ள பரப்பைவிட ஒரு மயிரிழை உயரும்வரை பூச வேண்டும். மெட்டாலிக் நிறங்களில் உள்ள உலோகத் துகள்கள் தெளிக்கும்போது படியும் விதமும் குச்சியால் வைக்கும்போது படியும் விதமும் வேறு என்பதால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கிட்டப் பார்த்தால் ஒரு நிழல் தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. எனக்கு அது போதும்.

நிறத்தின் மேல் கிளியர் கோட் தெளிக்கும் கட்டத்தில்தான் நான் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டேன். ஓர் ஆடி மாதம், இரண்டு நாள் மழை விட்டதை நம்பி, தாழ்வாரத்தில் வைத்து முன் மட்கார்டுக்குத் தெளித்தேன். பத்து நிமிடத்தில் கறுப்பு மட்கார்டின் மேல் மோர் ஊற்றியதுபோல வெள்ளை படர்ந்துவிட்டது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காயும் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. கார்த்திகை வரை காத்திருந்து, அதைத் தேய்த்தெடுத்து மீண்டும் தெளித்த பிறகே சரியானது. நம் ஊரில் இந்த வேலைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காய்ந்த மாதங்களே ஏற்றவை. ஏப்ரல் நடுப்பகல் வெயிலும் உதவாது, சூடேறிய தகட்டில் பூச்சு பரவுவதற்கு முன்பே காய்ந்துவிடும். மேலும் ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு பெயிண்ட் தொட்ட வண்டியைத் தெருவில் இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் இரும்பு தெரியும் கீறல் விழுந்துவிட்டால், வறண்ட ஒரு மதிய வேளையில் பிரைமரை மட்டும் தொட்டு அடைத்துவிட்டு, மற்றதைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

பெட்ரோல் டேங்கின் மூடியைச் சுற்றியுள்ள கீறலுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. சாதாரண ஸ்பிரே கிளியர் கோட்டின் மேல் பெட்ரோல் சிந்தினால் அது பிசுபிசுத்துச் சுருங்கிவிடும். பெட்ரோலைத் தாங்குவது கடினப்படுத்தியோடு கலந்து அடிக்கும் இருபொருள் கிளியர் கோட். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது, துணி முகமூடி அதைத் தடுக்காது. அந்த வேலையை உரிய பாதுகாப்புக் கருவி உள்ள பெயிண்ட் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் எந்த ஸ்பிரே அடித்தாலும் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் சிகரெட்டும் அருகில் இல்லாமல் அடிக்க வேண்டும்.

உயர்ந்து நிற்கும் பெயிண்டைச் சமன்செய்ய ஒரு வாரம் பொறுத்திருந்து, 2000 எண் தாளால் ஈரத்தேய்ப்புத் தேய்த்து, காம்பவுண்டால் முடிக்கலாம். அவசரப்பட்டு மறுநாளே தேய்த்தால் வைத்த பெயிண்ட் உருண்டு வெளியே வந்துவிடும். மெழுகுப் பூச்சுக்கு ஒரு மாதம் கழியட்டும். மீதமுள்ள ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை ஒரு பழைய தாளில் அடித்து வையுங்கள். அடுத்த கீறலுக்கு எடுக்கும்போது அதன் மூக்கு அடைத்திருக்காது.