59 இருக்கை, 61 பெயர்: ஒரு பேரவையின் உறுப்பினர் பட்டியலைத் தப்பில்லாமல் போடுவது எப்படி

ஒரு தவணைக்கான உறுப்பினர் பட்டியல்தானே, தேர்தல் முடிவைப் பார்த்து எழுதினால் ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தேர்தல் முடிவு வேறு, உறுப்பினர் பட்டியல் வேறு. முடிவு என்பது ஒரே ஒரு நாளின் கணக்கு. பட்டியல் நான்கு வருடத்தின் கணக்கு, அதற்குள் ஆள் போவார், ஆள் வருவார், இருக்கிற ஆளே கட்சி மாறுவார்.

உதாரணத்துக்கு ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே மாநில நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவை. கீழவையின் பெயர் சட்டப்பேரவை, மொத்தம் 59 தொகுதி, தொகுதிக்கு ஒருவர். நாம் பார்க்கப்போவது 2021 முதல் 2025 வரையிலான தவணை. இதை வேண்டுமென்றேதான் எடுத்தேன், ஒரு பட்டியலில் வரக்கூடிய சிக்கல் பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே கிடைக்கிறது.

முதலில் தொகுதிப் பெயர்களை எழுதுங்கள், ஆட்களின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 59 தொகுதியையும் அகர வரிசையில் ஒரு நெடுவரிசையாகப் போட்டுவிட்டால் யாரும் விட்டுப்போக வழியில்லை. உறுப்பினர் பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் தமிழில் தனித் தலைவலி: குடும்பப் பெயரை வைத்து அடுக்குவதா, முதல் பெயரை வைத்தா? அடுக்கினாலும் டேவிட் ஹனி மாதிரி ஆட்கள் ஹகரத்துக்காகக் கடைசிக்குப் போய்விடுவார்கள், மெக்கவனா மெக்கோவனா என்று எழுத்துக்கூட்டல் மாறினால் வரிசையும் மாறும். தொகுதிப் பெயரிலும் எழுத்துக்கூட்டல் பிரச்சினை உண்டுதான், ஆனால் அதை ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் போதும். அப்புறம், தயவுசெய்து தொகுதிப் பெயரை மொழிபெயர்க்காதீர்கள். நார்த் வெஸ்ட் சென்ட்ரல் என்பதை 'வடமேற்கு மத்தி' என்று எழுதி வைத்தால் அதை நீங்கள் ஒருவர்தான் கண்டுபிடிப்பீர்கள்.

இனி தேர்தல் நாள் முடிவை நிரப்புங்கள். 2021 மார்ச் 13 அன்று வாக்குப்பதிவு. தொழிற்கட்சி 53, நேஷனல்ஸ் 4, லிபரல் 2. ஆமாம், இரண்டே இரண்டுதான், தட்டச்சுப் பிழை இல்லை. லிபரல் தலைவராக இருந்த சாக் கிர்க்கப்பே டாஸ்வில் தொகுதியில் தோற்றுப்போனார், அதனால் அவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு எதையோ விட்டுவிட்டோம் என்று பதறாதீர்கள், அவர் முந்தைய தவணைப் பட்டியலுக்குரியவர். முதல் கூட்டல் சோதனையை இங்கேயே செய்துவிடுங்கள்: 53, 4, 2 சேர்த்தால் 59 வர வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு போகவே போகாதீர்கள்.

தவணை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதில்தான் நான் முதலில் வழுக்கினேன். வாக்குப்பதிவு மார்ச் 13 என்றாலும் புதிய பேரவை கூடியது ஏப்ரல் 29, அன்றுதான் மிஷெல் ராபர்ட்ஸ் சபாநாயகராகத் தேர்வானார், அந்தப் பேரவையின் முதல் பெண் சபாநாயகர் அவர். மேலவைக்கோ அதே தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் மே 22 அன்றுதான் தொடங்கியது. ஒரே தேர்தல், இரண்டு அவை, இரண்டு வேறு கணக்கு. மேலவைப் பட்டியலில் இருந்து தேதியை நகல் எடுத்து இங்கே ஒட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். நான் இப்போதெல்லாம் பட்டியலின் தலைப்பில் வெறும் வருடத்தைப் போடுவதோடு, அதன் கீழே 'மார்ச் 13, 2021 தேர்தலில் இருந்து மார்ச் 8, 2025 தேர்தல் வரை' என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். பேரவையின் ஆயுள் இரண்டாவது தேர்தலுக்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும், ஆனால் படிக்கிறவருக்கு இந்த இரண்டு தேதியும்தான் கைப்பிடி.

சரி, இனிதான் உண்மையான வேலை. நடுவில் நடந்த மாற்றங்கள்.

நார்த் வெஸ்ட் சென்ட்ரல் தொகுதியின் நேஷனல்ஸ் உறுப்பினர் வின்ஸ் கட்டானியா 2022 ஆகஸ்டில் விலகினார். செப்டம்பர் 17 இடைத்தேர்தலில் அதே கட்சியின் மெரோம் பியர்ட் ஜெயித்தார். அடுத்த வருடம் மாநில முதல்வர் மார்க் மெக்கவனே பதவியையும் தொகுதியையும் விட்டுப் போனார், 1996 முதல் அவர் கையில் இருந்த ராக்கிங்ஹாம் தொகுதிக்கு 2023 ஜூலை 29 அன்று இடைத்தேர்தல், தொழிற்கட்சியின் மஜெண்டா மார்ஷல் வந்தார். இதை எப்படி எழுதுவது? பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிய பெயரைப் போடுகிறார்கள் சிலர், அது மகா தப்பு. ஒரே தொகுதிக்கு இரண்டு வரி கொடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'முதல்', 'வரை' என்று இரண்டு தேதி. தொடக்கத்திலிருந்து கடைசி வரை இருந்தவர்களுக்கு அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டுவிடலாம், 57 பேருக்கு ஒரே தேதியைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

இப்போது இரண்டாவது சோதனை. இருக்கை 59, இடைத்தேர்தல் 2, ஆக பட்டியலில் 61 பெயர் இருக்க வேண்டும். இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள்: 2023 ஜூலை 1 அன்று பேரவையில் எத்தனை பேர்? ராக்கிங்ஹாம் காலியாக இருந்த நேரம், எனவே 58. உங்கள் பட்டியலில் தேதிகளை வைத்து எண்ணினால் அந்த 58 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், புதியவர் வந்த தேதியையே பழையவர் போன தேதியாகவும் போட்டிருப்பீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆனால் இந்தச் சோதனையில் பிடிபடாத ஒரு மாற்றம் உண்டு, அதுதான் கட்சித் தாவல். மெரோம் பியர்ட் 2023 அக்டோபரில் நேஷனல்ஸை விட்டு லிபரல் கட்சிக்குப் போனார். தொகுதி அதே, ஆள் அதே, பெயர் எண்ணிக்கையும் அதே. கட்சி மட்டும் வேறு. நம்மூர்ச் சட்டம் பழகியவர்களுக்குப் 'பதவி போயிருக்குமே' என்று தோன்றும், இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால் வரும் பழக்கம் அது. அங்கே அப்படி இல்லை, கட்சி மாறினாலும் உறுப்பினர் உறுப்பினர்தான். அதனால் கட்சி நெடுவரிசையில் ஒரே கட்டத்துக்குள் 'நேஷனல்ஸ் / லிபரல்' என்று இரண்டையும் எழுதி, மாறிய மாதத்தை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். பியர்டுக்கு இரண்டு தனி வரி கொடுத்தால் பெயர்க் கணக்கு 62 ஆகிவிடும். அந்த ஒரு ஆள் நகர்ந்ததில் எதிர்வரிசை 4, 2 என்பதிலிருந்து 3, 3 என்று சமமாகிவிட்டது, கட்சி பலத்தை இரண்டு தேதிக்குக் காட்டும் சிறிய அட்டவணை ஒன்றைக் கீழே போடச் சொல்வது இதனால்தான்.

பதவிகளை மட்டும் பிரதான பட்டியலுக்குள் நுழைய விடாதீர்கள். முதல்வர் பதவி மெக்கவனிடமிருந்து 2023 ஜூனில் குவினானா உறுப்பினர் ரோஜர் குக்கிடம் போயிற்று. எதிர்க்கட்சித் தலைவர் பதவி நேஷனல்ஸ் கட்சியின் மியா டேவிஸிடமிருந்து 2023 ஜனவரியில் அதே கட்சியின் ஷேன் லவ்விடம் போயிற்று, 3, 3 ஆன பிறகும் அவரிடமே இருந்தது. அதே ஜனவரியில் லிபரல் தலைமையும் டேவிட் ஹனியிடமிருந்து லிபி மெட்டமிடம் போயிற்று, இருந்த இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு! இதையெல்லாம் ஒரே அட்டவணையில் திணித்தால் யாருக்கும் புரியாது, பதவிகளுக்குத் தனியாக ஒன்று போடுங்கள்.

நேரம் இருந்தால் 'முதன்முதலில் பேரவைக்கு வந்தது' என்று ஒரு நெடுவரிசை சேர்த்துப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மெட்டம் 2014இல் வாஸ் இடைத்தேர்தலில் வந்தவர். ஹனி 2018இல் காட்டஸ்லோ இடைத்தேர்தலில் வந்தவர். பியர்ட் வந்த கதை மேலே இருக்கிறது. ஆக, தவணை முடியும்போது கீழவையில் இருந்த மூன்று லிபரல்களில் ஒருவர்கூடப் பொதுத்தேர்தல் வழியாக முதன்முதலில் உள்ளே வந்தவர் இல்லை. இதை எந்தக் கட்டுரையிலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை, கட்டத்தை நிரப்பும்போது தானாகக் கண்ணில் பட்டது.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டியலின் தொகுதிப் பெயர்களை அப்படியே நகல் எடுத்து 2025 தேர்தலுக்கான பட்டியலைத் தொடங்கிவிடாதீர்கள், எண்ணிக்கை அதே 59 என்பதை நம்பி ஏமாறுவது சுலபம். நடுவில் தொகுதி மறுவரையறை நடந்திருக்கிறது. இவ்வளவு நேரம் பேசிய நார்த் வெஸ்ட் சென்ட்ரலும் ஷேன் லவ்வின் மூர் தொகுதியும் காணாமல் போய், பெரும்பகுதி மிட் வெஸ்ட் என்ற புதிய தொகுதிக்குள் அடங்கிவிட்டது. அதில் ஜெயித்து வந்தவர் லவ்.