குதிரையேற்றப் போட்டியும் மன உறுதியும்: இந்தத் தவறுகளை விட்டுவிடுங்கள்

போட்டிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மன உறுதி என்றால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ‘பயப்படாம இருக்கிறது’ என்பார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. போன சீசனில் வார்ம்-அப் ரிங் (போட்டிக்கு முன் குதிரையைத் தயார்படுத்தும் இடம்) ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அந்த வயதில் அடித்த கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் புதுப் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். நன்றாகத் தூங்கு, தண்ணீர் குடி, கோர்ஸை, அதாவது தடைகள் இருக்கும் பாதையை, நடந்து பார் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். நான் ஷோ ஜம்பிங் (குதிரையில் தடை தாண்டும் போட்டி) ஆள், அதனால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும். டிரெஸ்ஸாஜ், ஈவென்டிங் என்று வேறு வகைக் குதிரையேற்றம் செய்கிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

## பயமே இல்லாத மாதிரி நடிப்பது

மனிதர்களிடம் நடிக்கலாம், குதிரையிடம் எடுபடாது. 2009-ல் சுவீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. சிலர் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள், சிலர் ஏறிப் போனார்கள், ஒரே பாதையில் நான்கு முறை. நான்காவது முறைக்கு முன்னால் மட்டும், ‘இந்தத் தடவை நீங்கள் கடக்கும்போது ஒரு குடையை விரிப்போம்’ என்று ஆட்களிடம் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆட்களின் இதயத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் ஏறியது. குடை விஷயத்தைக் குதிரையிடம் யாரும் சொல்லவில்லை!

பயத்தை அடக்குகிறேன் என்று மூச்சைப் பிடித்தால் இடுப்பு இறுகும், இடுப்பு இறுகினால் கால் குதிரையின் விலாவைக் கவ்வும், அது ‘போ’ என்கிற கட்டளை. அதே நேரத்தில் கை கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்கும், அது ‘நில்’. ஒரே நொடியில் இரண்டு கட்டளை வந்தால் பாவம் அது என்ன செய்யும்? பயமாக இருக்கிறது என்று உங்களிடம் நீங்களே ஒத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். கேன்டரில் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) குதிரையின் ஒவ்வொரு ஸ்ட்ரைடையும், அதாவது ஒவ்வொரு எட்டையும், வாய்விட்டு எண்ணுங்கள், ஏனென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாராலும் சத்தமாக எண்ண முடியாது.

## வார்ம்-அப்பில் தைரியம் தேடுவது

எனக்கு இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வரும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

வார்ம்-அப் ரிங்கில் வழக்கமாக இருப்பது ஒரு வெர்டிகல் (ஒரே வரிசைக் கட்டைகளால் ஆன செங்குத்துத் தடை), ஒரு ஆக்ஸர் (முன்னும் பின்னும் கட்டை வைத்த அகலமான தடை). குதிரையின் உடம்பைச் சூடாக்குவது, கண்ணைத் தடைக்குப் பழக்குவது, முன்னே போ என்றால் போகிறதா, பொறு என்றால் பொறுக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் அங்கே வேலை. பதற்றத்தில் இருக்கிற ரைடர் அங்கே தேடுவது வேறு. ‘இன்றைக்கு நன்றாகப் போகும்’ என்று குதிரை தனக்கு ஓர் உத்தரவாதம் தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். நல்ல ஜம்ப் ஒன்று வந்தால் அந்த உத்தரவாதம் கிடைத்த மாதிரி இருக்கும், ஆனால் அடுத்த வளைவு வரைக்கும்கூடத் தாங்காது, உடனே இன்னொன்று வேண்டும். மோசமான ஜம்ப் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், ‘இதோட எப்படி முடிக்கிறது’ என்று அது ஒரு தனிச் சுற்றாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு பையன் இருந்தான். எட்டு வயதுப் பெண் குதிரை, தங்கமான குணம், பயிற்சியில் எதைக் காட்டினாலும் தாண்டும். போட்டி அன்று ஏழெட்டு ஜம்ப் போனதும், கடைசி ஆக்ஸரை அது தாண்டிய அழகைப் பார்த்து, ‘போதும்டா, நடக்க விடு’ என்றேன். ‘ஒண்ணே ஒண்ணு சார்’ என்றான். அந்த ஒன்றில் முன்னங்கால் பட்டுக் கட்டை விழுந்தது. அவனுக்கு முகம் மாறிவிட்டது. சரி செய்ய மறுபடி போனான், இந்த முறை தடைக்கு மிக அருகில் வந்துவிட்டான், அதற்கடுத்தது ரொம்ப தூரத்திலிருந்து எழும்பியது. அப்புறம் யாரோ கட்டையை ஏற்றினார்கள், இங்கே உயரமாகத் தாண்டினால் போட்டி ரிங்கில் தடை சின்னதாகத் தெரியுமாம்! நடுவில் பதற்றத்தில் தவறான பக்கத்திலிருந்து வேறு தாண்டினான், சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம் என்பது முதல் நாள் பாடம், அதிகாரி வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அவன் பெயரைக் கூப்பிட்டபோது குதிரையின் கழுத்து முழுக்க வியர்வை, காது இரண்டும் பின்னால். உள்ளே மூன்றாவது தடையில் நின்றது. திருப்பிக் கொண்டுவந்தான், மறுபடி நின்றது. சர்வதேச விதிப்படி இரண்டாவது மறுப்போடு வெளியேற்றம். வெளியே வந்தவன் சொன்னது, ‘இன்னும் கொஞ்சம் வார்ம்-அப் செஞ்சிருக்கணும் சார்.’ எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

குதிரையிடம் அன்றைக்கு இருக்கிற நல்ல ஜம்புகளுக்கு ஓர் அளவு உண்டு. அதை வெளியிலேயே செலவழித்தால் உள்ளே தடைகளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? அதைவிட மோசம், நீங்கள் தேடுகிற அந்த உறுதி வார்ம்-அப் ரிங்கில் கிடைக்கவே கிடைக்காது. உத்தரவாதம் இல்லாமலேயே உள்ளே போகப் பழகுவதுதான் இந்த விளையாட்டில் மன உறுதி என்று நான் நினைக்கிறேன். அதைப் பயிற்சி நாட்களிலேயே பழக வேண்டும்.

எப்படி? இன்றைக்கு இத்தனை ஜம்ப் என்று ஏறுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கடைசி ஜம்ப் அசிங்கமாக இருந்தாலும் எண்ணிக்கை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். நல்லதில்தான் முடிக்க வேண்டும் என்பது இளங்குதிரையைப் பழக்கும்போது நல்ல விதி, மறுக்கவில்லை. ஆனால் போட்டி நாளில் அது ரைடருக்குப் போதையாகிவிடுகிறது. இறங்கி நடக்கும்போது ‘ஐயோ, இன்னொன்று போயிருக்கலாமே’ என்று உள்ளே அரிக்கும் இல்லையா, அந்த அரிப்போடு இருந்து பழகத்தான் இவ்வளவும்.

போட்டி அன்று கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரு ரவுண்டுக்கு உள்ளே வருவது, போவது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு முன்னால் எட்டுக் குதிரை இருக்கும்போது தாண்ட ஆரம்பித்தால் கால் மணி நேரம் கையில் இருக்கிறது, அது தாராளம். சிறியதாக இரண்டு, வெர்டிகல் மூன்று, ஆக்ஸர் மூன்று. முன்னால் இரண்டு குதிரை இருக்கும்போது முடித்துவிட்டு நடக்க விடுங்கள். எண்ணுகிற வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள், கீழே நிற்கிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள், எண்ணிக்கை முடிந்ததும் அவர் அங்கிருந்து நகர்ந்துவிடட்டும், நீங்கள் கெஞ்சினாலும் சரி. குதிரை நின்றுவிட்டால் மட்டும் விதிவிலக்கு: கட்டையை இறக்கி, அமைதியாக ஒன்று, அதோடு சரி.

## கட்டை விழுந்தால் திரும்பிப் பார்ப்பது

4 பெனால்டி புள்ளி ஏற்கெனவே ஏறிவிட்டது. முன்னால் பாருங்கள்.

## எல்லாம் சரியாக நடக்கிற படத்தையே மனதில் ஓட்டுவது

கண்ணை மூடி ரவுண்டை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் நிறையப் பேர் ஓட்டுவது விளம்பரப் படம், ஒரு கட்டைகூட விழாது. நிஜத்தில் இரண்டாவது தடையிலேயே இடறினால் மூளை வெறுமையாகிவிடும், ஏனென்றால் அந்தக் காட்சியை அவர்கள் பார்த்ததே இல்லை. முதலில் சுத்தமான ரவுண்டை உங்கள் கண் வழியாக, நிஜ வேகத்தில் ஓட்டுங்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து உங்களையே பார்க்கிற மாதிரி வேண்டாம். அப்புறம் கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு மூன்றைச் சேருங்கள். இந்த வளைவில் குதிரை இழுத்தால் என்ன, டபுளின் (ஒன்றிரண்டு ஸ்ட்ரைட் இடைவெளியில் அடுத்தடுத்து வரும் இரண்டு தடை) முதல் தடையில் வேகம் குறைந்து இறங்கினால் என்ன. ஒரு ஸ்ட்ரைட் சுமார் 3.6 மீட்டர், அங்கே யோசிக்க நேரம் கிடையாது, கால் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

## வேலிக்கு வெளியிலிருந்து வரும் குரல்களைக் கேட்பது

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நவீன பென்டாத்லான் (குதிரையேற்றமும் இருந்த ஐந்து விளையாட்டுப் போட்டி) பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் போட்டியில் குதிரையைச் சீட்டுப் போட்டுத்தான் கொடுத்தார்கள், பழகிக்கொள்ள 20 நிமிடம். முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் அனிகா ஷ்லாய்க்குக் கிடைத்தது செயின்ட் பாய், ஏற்கெனவே இன்னொரு வீராங்கனையிடம் மறுத்து நின்ற குதிரை. இவர் அழ அழக் குதிரை இன்னும் மிரண்டது, வெளியிலிருந்து பயிற்சியாளர் ‘அடி’ என்று கத்தியது உலகத்துக்கே கேட்டது. கடைசியில் 31-வது இடம். குதிரையைக் கையால் குத்தியதற்காகப் பயிற்சியாளரை வெளியேற்றினார்கள். 2024 பாரிஸுக்குப் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். முறையில் இருந்த குறை ஒரு பக்கம் இருக்கட்டும். பதறுகிற ரைடர் காதில் வெளியிலிருந்து இன்னொரு பதற்றத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வாசலில் ஒரே ஒரு குரல் போதும், அதுவும் ஒரு வாக்கியம். அப்பா, அம்மா, தொழுவத்து நண்பர்கள் எல்லாரும் பார்வையாளர் பகுதியில் உட்காரட்டும்.

## மணி அடித்ததும் பாய்வது

மணி அடித்த பிறகு தொடக்கக் கோட்டைத் தாண்ட 45 நொடி தருகிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள்.

## குதிரை மேல் பழி போடுவது

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

## விழுந்த உடனே ஏறுவதுதான் வீரம் என்று நினைப்பது

தலை தரையில் பட்டிருந்தால் ஏறாதீர்கள், மருத்துவர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை. மூளை அதிர்ந்தவருக்கே தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். இதற்கு உடனே பிரிட்டனின் நிக் ஸ்கெல்டன் கதையை எடுத்து வருவார்கள், கழுத்து முறிந்தும் வந்து தங்கம் வாங்கினாரே என்று. வாங்கினார், 2016 ரியோவில், 58 வயதில். ஆனால் 2000-ல் கழுத்து முறிந்ததும் அவர் செய்தது ஓய்வு பெற்றதுதான், எலும்பு கூடிய பிறகுதான் 2002-ல் திரும்பினார். கதையைச் சொல்கிறவர்கள் நடுவில் இருக்கிற அந்தக் காலத்தை மட்டும் முழுங்கிவிடுகிறார்கள்.

## வெளியே வந்த கையோடு பஞ்சாயத்து

இறங்கி, சேண வாரைத் தளர்த்தி, குதிரையை நடத்தி, அதற்குத் தண்ணீர் காட்டி முடிக்கும்வரை ரவுண்டைப் பற்றி யாரோடும் பேசாதீர்கள், வீடியோவையும் பார்க்காதீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிற காரணம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும், அந்தப் பையன் சொன்னது போல. சாயங்காலம் உட்கார்ந்து இரண்டு வரி எழுதுங்கள்: எந்தத் தடைக்கு முன் மூச்சு நின்றது, அப்போது கை என்ன செய்தது. அடுத்த வாரப் பயிற்சியை அந்த இரண்டு வரியிலிருந்து தொடங்கலாம்.