நகர வடிநிலத்திற்கு வெள்ளத் தடுப்புத் திட்டம் வகுக்கும் முறை: பள்ளிக்கரணையை முன்வைத்து

தெருவில் தண்ணீர் தேங்கினால் அந்தத் தெருவுக்கு ஒரு வடிகால் கட்டித் தருமாறு மனு கொடுப்பது நம் வழக்கம். அந்த வடிகால் எங்கே போய்ச் சேரும், சேரும் இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட நகர வெள்ள வழிகாட்டு நெறிகள், வடிகால் திட்டத்திற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியே, அதாவது ஒரே இடத்திற்கு மழைநீர் வந்து சேரும் மொத்த நிலப்பரப்பே (வடிநிலம்), அடிப்படையாக இருக்க வேண்டும் என்கின்றன. 2015, 2023 டிசம்பர் மழைகளில் தென்சென்னையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றுப்புறமும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அந்த வடிநிலத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, குடியிருப்போர் சங்கங்களும் உள்ளாட்சிப் பொறியாளர்களும் பின்பற்றத்தக்க முறையைக் கீழே விளக்குகிறேன்.

முதல் வேலை எல்லை வரைதல். வார்டு எல்லையையும் மாநகராட்சி எல்லையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மழைநீர் எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளத்திற்கு இறங்குகிறது என்பதை, ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் சமவுயரக் கோட்டு வரைபடத்தில் தொடர வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து நீர் வருகிறது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஒன்றின் உபரி மற்றொன்றுக்கு இறங்கும் ஏரித்தொடர் அதில் ஒரு கிளை. சதுப்பில் சேரும் நீர் ஒக்கியம் மடு என்னும் நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இந்த வழியை வரைந்த பின், வருவாய்த் துறையின் புல வரைபடங்களையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் அதன்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். ‘வாய்க்கால் புறம்போக்கு’, ‘ஏரி புறம்போக்கு’ என்று பதிவான சர்வே எண்களில் இன்று சாலையோ சுவரோ அடுக்குமாடியோ நிற்குமானால், தேங்குவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, நடந்தே பார்க்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு மீட்டர் அகலம் என்று காட்டப்படும் சிறுபாலத்தின் உள்ளே குனிந்து பார்த்தால், குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போவதும், அதில் கேபிள்கள் கட்டப்பட்டிருப்பதும், அவற்றில் நெகிழிப் பைகளும் துணிகளும் சிக்கிப் பாதி வழியை அடைத்திருப்பதும் தெரியவரும். ஒவ்வொரு பாலத்திலும் அகலம், உயரம், கம்பியை இறக்கி அளந்த வண்டலின் ஆழம், கடல்மட்டத்திலிருந்து அடிமட்டத்தின் உயரம் ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயர வடிகாலில் அரை மீட்டர் வண்டல் படிந்திருந்தால், குறுக்குவெட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். கடைச் சுவர்களிலும் வீட்டு வாசல்களிலும் எஞ்சியிருக்கும் வெள்ளக் கறையை, ஆண்டைக் கேட்டறிந்து, உயர வேறுபாட்டை அளக்கும் லெவல் கருவியால் அளந்து பதிய வேண்டும். கணினி மாதிரி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அது சொல்வது சரிதானா என்று சோதிக்க இந்தக் கறைகளைவிட நம்பகமான சான்று கிடைப்பது அரிது.

கணக்கிடும்போது இரு வேறு வெள்ளங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. தெரு வெள்ளம் மழையின் வேகத்தால் வருவது. நூறு ஹெக்டேரில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்தால், மண்ணும் மரங்களும் நிறைந்த நிலத்திலிருந்து, வழிந்தோடும் விகிதத்தை (பெய்த மழையில் தரையில் ஓடும் பங்கை) 0.3 என்று கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 4 கன மீட்டர் நீர் வரும். அதே நிலம் தார்ச்சாலையும் கூரையுமாக மாறி விகிதம் 0.8 ஆனால் 11 கன மீட்டர் வரும். வடிகாலின் அளவு இந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது.

வடிநில வெள்ளமோ நீரின் மொத்த அளவால் வருவது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அதன் மணிச் சராசரி வெறும் 20 மில்லிமீட்டர்தான். மேலே சொன்ன 50 மில்லிமீட்டருக்கு அமைத்த வடிகால் அந்தச் சராசரியைத் தாங்கியிருக்கும். ஆனால் அது கொண்டுபோய்ச் சேர்த்த இடம் தாங்காது. 250 சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்து, அதில் எழுபது விழுக்காடு வழிந்தோடினாலே 1.75 கோடி கன மீட்டர் நீர் திரளும். பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற பொருளில் ராம்சார் தளமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைப் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர்; அது முழுவதிலும் ஒரு மீட்டர் காலியிடம் இருந்தாலும் 1.25 கோடி கன மீட்டர்தான் கொள்ளும். வெளியேறும் வழியில் வினாடிக்கு 100 கன மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் போவது 86.4 லட்சம் கன மீட்டர். ஆகவே நீர் நாள்கணக்கில் நிற்பதைத் தெரு வடிகாலை அகலப்படுத்தி மட்டும் தீர்க்க முடியாது. சதுப்பில் கொட்டிய ஒவ்வொரு லாரிக் குப்பையும் மண்ணும் இந்தக் காலியிடத்திலிருந்து கழிந்தவை என்பதால், எஞ்சியதைக் காப்பதே திட்டத்தின் முதல் உறுப்பாக இருக்க வேண்டும்.

பணிகளைக் கடல் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நகர்த்துங்கள். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருந்தாலும், புயலில் கடல்மட்டம் உயர்ந்திருந்தாலும், பின்னால் உள்ள கால்வாய் முழுவதும் மெதுவாகிவிடும். எனவே கீழ்முனை நீர்மட்டத்தைச் சாதாரண ஓதத்திற்கு (கடல் ஏற்றஇறக்கத்திற்கு) மட்டுமன்றி, புயல்கால உயர்மட்டத்திற்கும் வைத்துக் கணக்கிட வேண்டும். கீழ்ப்பகுதியைச் சீர்செய்யாமல் மேல்பகுதி வடிகாலை விரிவாக்கினால், ஒருவர் தெருவின் நீர் விரைவாக அடுத்தவர் வீட்டுக்குள் போகும்.

அதே வேளையில் மேலே உள்ள ஏரிகளில் நீரைத் தாமதப்படுத்த வேண்டும். ஏரியைத் தூர்வாரிவிட்டால் வெள்ளம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய ஆழம் நிலத்தடி நீருக்கு நல்லது. ஆனால் பெருமழைக்கு முன்பே அது நிரம்பிவிட்டால் வெள்ளத்தை வாங்க இடமில்லை. வெள்ளத்திற்குப் பயன்படுவது மழை வரும் நாளன்று காலியாக இருக்கும் கொள்ளளவே. அதற்காகக் கலங்கலில், அதாவது ஏரியின் உபரிநீர் வழியும் இடத்தில், அடைப்புப் பலகைகள் அமைத்து, எச்சரிக்கை வந்ததும் மட்டத்தைக் குறைக்க வழி செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் ஏரியில் கலக்கும் கழிவுநீரும் அந்த இடத்தைத் தின்றுவிடுகிறது. எனவே பாதாள சாக்கடை இணைப்பும் வெள்ளத் தடுப்புப் பணியே.

தெரு வடிகால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வெளியேறும் முனையிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவே ஓர் இணைப்பு விடுபட்டாலும் மீதி முழுவதும் வீணாகும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவது வீடுகளைப் பள்ளமாக்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதிகளில் நீரைத் தரையே உறிஞ்சிக்கொள்ளும். அங்கே கான்கிரீட் வடிகாலை மக்கள் எதிர்த்தது நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

ஆக்கிரமிப்பு அகற்றம் பற்றி முடிவெடுக்கும்போது பெரிய கட்டடங்களையும் அரசுக் கட்டடங்களையும் குடிசைகளுக்கான அதே அளவுகோலால் அளக்க வேண்டும். கூவக் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பல இந்தச் சதுப்பின் விளிம்பிலுள்ள பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. ஓர் ஆற்றின் வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்டவர்களை மற்றொரு வெள்ளத்தின் வழியில் வைப்பதை மறுவாழ்வு என்று சொல்ல முடியாது. மாற்று இடத்தின் வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டாமல் எந்த வெளியேற்றமும் திட்டத்தில் இடம்பெறக் கூடாது.

இறுதியாக, பராமரிப்பு ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். செப்டம்பர் இறுதிக்குள் வண்டல் அகற்றி முடிக்கப்பட வேண்டும். அள்ளிய வண்டலைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் அது மீண்டும் உள்ளே விழும். கலங்கல் பலகையைத் திறக்கும் அதிகாரம் எந்த அலுவலருக்கு, திறக்கும் முன் கீழ்ப்பகுதிக்கு யார் அறிவிப்பது என்பது பெயருடன் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஏரியிலும் பாலத்திலும் அளவுகோல் பதித்து, மழை நாள்களில் மணிக்கொரு முறை மட்டத்தைக் குறிக்க வேண்டும். வெள்ளம் வடிந்த ஒரு வாரத்திற்குள், சுவரில் கறை மங்கும் முன்பே, புதிய மட்டங்களை அளந்து, கணக்கில் வந்த மட்டத்துடன் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களுக்கு அடுத்த ஆண்டு நிதியை ஒதுக்க வேண்டும்.