இயேசுவின் கதையை ஆடியோவாகச் சொல்வது எப்படி?

வேதத்தை வாசித்துப் பதிவு செய்வது வேறு, கதை சொல்வது வேறு. இங்கே சொல்லப்போவது இரண்டாவதை. போனில் பதிவு செய்து ஃபைலை கணினிக்கு மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கதை. பிறப்பு முதல் உயிர்த்தெழுதல் வரை ஒரே மூச்சில் சொல்லக் கிளம்பாதீர்கள். ஒரு ஆடியோவுக்கு ஒரு சம்பவம், ஐந்து நிமிடத்துக்குள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மாற்கு சுவிசேஷம்தான் என் சிபாரிசு. 16 அதிகாரம், நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது, நீண்ட போதனைகள் குறைவு. உதாரணத்துக்கு மாற்கு 4:35-41, இயேசு புயலை அடக்கிய சம்பவத்தை எடுத்துக்கொள்வோம்.

அடுத்து எழுத்து. சிக்கலே இங்கேதான். வசனத்தை அப்படியே வாசித்தால் கேட்பவர் கவனம் இரண்டாவது வரியிலேயே கலைந்துவிடும். எல்லாவற்றையும் சொந்தமாக எழுதினாலோ, இயேசு சொல்லாததெல்லாம் அவர் பேச்சாக வரத் தொடங்கும். நான் பின்பற்றும் விதி இது: விவரிப்பு என் வார்த்தையில், இயேசு பேசும் வரி மட்டும் வேதத்தில் உள்ளபடி.

"பொழுது சாய்ந்துவிட்டது. படகு அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று பெருங்காற்று. அலை படகுக்குள் ஏறுகிறது. அவர் மட்டும் பின்பக்கத்தில், தலையணை வைத்துத் தூங்குகிறார்."

சின்னச் சின்ன வாக்கியங்கள், நிகழ்காலம். தலையணையை விட்டுவிடாதீர்கள். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தைச் சொன்னாலும் தலையணை மாற்குவில்தான் இருக்கிறது. காட்சி கண்முன் வருவதே அதனால்தான். சீடர்களின் பதற்றத்தை உங்கள் நடையில் சொல்லலாம். ஆனால் காற்றையும் கடலையும் அடக்க இயேசு சொல்லும் "இரையாதே, அமைதலாயிரு" என்பதில் கை வைக்க வேண்டாம். அதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி, அதற்குப் பின் இரண்டு விநாடி மௌனம். எழுதும்போதே அந்த இடத்தில் "நிறுத்து" என்று குறித்துவிடுங்கள், மைக் முன்னால் வந்ததும் வேகம் தானாகக் கூடிவிடும். "இவர் யாரோ?" என்று சீடர்கள் கேட்பதோடு கதை முடியட்டும். பின்னால் பிரசங்கம் ஒட்டினால் அந்தக் கேள்வி செத்துவிடும்.

இயேசுவுக்குக் கனத்த குரல், எதிரொலி எதுவும் வேண்டாம். எனக்கு அது கேட்கவே பிடிக்காது. உங்கள் குரலிலேயே, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும்.

பதிவுக்கு போன் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். துணிமணி நிறைந்த அறையாக இருந்தால் நல்லது. போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் "படகு", "புயல்" வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். பேசுமுன் ஐந்து விநாடி சும்மா இருங்கள்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள். இலவசம். போன் செயலிகளில் அரை விநாடியைத் துல்லியமாக வெட்டுவது பெரும்பாடு. பின்னணி இரைச்சலைக் குறைக்க, பேசுமுன் விட்ட அந்த ஐந்து விநாடியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குப் போய், கெட் நாய்ஸ் புரொஃபைலை அழுத்துங்கள். அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, மறுபடி அங்கேயே போய் ஓகே. குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டால் அங்கே உள்ள டெசிபெல் அளவைக் குறையுங்கள்.

பின்னணி ஒலியில் ஒரு எச்சரிக்கை. கலிலேயாக் கடல் உண்மையில் நன்னீர் ஏரி, நீளம் சுமார் 21 கி.மீ. கடற்கரையில் புரளும் பேரலைச் சத்தம் அங்கே பொருந்தாது. 1986-இல் அந்த ஏரிச் சேற்றில் கிடைத்த பழைய மீன்பிடிப் படகின் நீளம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மரப்பலகையில் தண்ணீர் மோதும் சத்தமும் காற்றும் போதும். ஒலிகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் சிசி0 உரிமம் (யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம்) உள்ளதாகப் பார்த்து எடுங்கள். "அமைதலாயிரு" என்றதும் காற்றொலி சட்டென்று அறுபட வேண்டும், மெல்லத் தேயக்கூடாது.

கடைசியாக எம்பி3 ஃபைலாகச் சேமியுங்கள்: மோனோ (ஒரே தடம்), தரம் 64 கேபிபிஎஸ். ஐந்து நிமிடக் கதை சுமார் 2.4 எம்பிதான் வரும், வாட்ஸ்அப்பில் சுலபமாகப் போகும்.

பிற்சேர்க்கை: போனில் பதிந்த ஃபைலை ஆடாசிட்டி திறக்க மறுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல போன்கள் எம்4ஏ வடிவில் சேமிக்கின்றன. அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் நிறுவ வேண்டியிருக்கும். அது வேண்டாமென்றால் ரெக்கார்டர் செயலியின் அமைப்பில் டபிள்யூஏவி என்ற வடிவம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிலேயே பதிவு செய்யுங்கள்.