பிரிந்த ஸ்கெட்ச் புத்தகத்துக்குப் பக்க வரிசை கிடைத்த விதம்

சுவரோவியத்துக்கு முன்தயாரிப்பாக ஓர் ஓவியர் வரைந்த ஸ்கெட்ச் புத்தகம், தையல் அறுந்து தாள் தாளாகக் கைக்கு வந்தது. எது முதலில் வரைந்தது என்றே தெரியவில்லை. மூலையிலிருந்த பென்சில் எண்களைப் பின்தொடர்ந்ததில் பல நாள் வீண். அவை பின்னாளில் வேறு யாரோ போட்டவை, கையெழுத்தே வேறு. தையல் துளைகள் எல்லாத் தாளிலும் ஒன்றுபோலவே இருந்ததால், அவற்றை வைத்தும் வரிசை பிடிபடவில்லை.

அப்புறம்தான் வெற்றுப் பின்பக்கங்களில் மெல்லிய சாம்பல் கறை கண்ணில் பட்டது. அழுக்கென்று ரப்பரால் துடைத்திருந்தால் எல்லாம் போயிருக்கும். அது எதிர்ப்பக்கத்துக் கரிக்கோட்டின் தடம், இடவலம் மாறிப் பதிந்திருந்தது. பக்கங்களைப் படமெடுத்து, கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கறையோடு பொருத்தினேன். ஒரு முழங்கையின் வளைவு அச்சு அசலாக உட்கார்ந்தது. மீதி வரிசை மளமளவென்று வந்துவிட்டது. அப்பாடா!

இப்போது தாள்களுக்கிடையே அமிலமில்லாத வழவழப்பான தாள் வைத்திருக்கிறேன். பென்சில் எண்களை அழிக்கவில்லை, அவையும் அந்தப் புத்தகத்தின் வரலாறுதான்.