சொன்ன கோளாறு ஜாப் கார்டில் இருக்கிறதா? புது வண்டி தகராறு செய்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வண்டி வாங்கி வருடம் திரும்புவதற்குள் அதே கோளாறுக்காகத் திரும்பத் திரும்ப சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பணம் கட்டிய பில் மட்டும்தான் இருக்கும். என்ன கோளாறு சொன்னோம், எப்போது சொன்னோம், அவர்கள் எதைக் கழற்றிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. அமெரிக்காவில், பலமுறை ரிப்பேர் பார்த்தும் சரியாகாத புது வண்டியைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வைக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. கோளாறு இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. அதனால் வடசென்னையில் வண்டி வைத்திருக்கும் யார் என்னிடம் கேட்டாலும் முதலில் காகிதத்தைப் பற்றித்தான் பேசுவேன்.

முதல் தவறு, கோளாறை வாயால் சொல்லிவிட்டு சாவியைக் கொடுத்துவிட்டு வருவது. என் மைத்துனர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்தால் அவர் வண்டி நடுங்கி நடுங்கி ஆஃப் ஆகிவிடும். இதை சர்வீஸ் அட்வைசரிடம் விலாவாரியாகச் சொன்னார். அந்தத் தம்பி டேப்லெட்டில் தட்டியது இரண்டே சொல்: ‘ஜெனரல் செக்கப்’. கூடப் போயிருந்த நான் மாற்றச் சொன்னேன். “சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்” என்றார். “ரிமார்க்ஸ்ல டைப் பண்ணுங்க தம்பி, அதுவரைக்கும் நிக்கிறோம்” என்றேன். கடைசியில் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டில், வந்தது இதுதான்: ‘இன்ஜின் சூடான பிறகு, ஏசி ஓடும்போது, மெதுவாகப் போகையில் ஐடில் ஆர்பிஎம் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் சுழலும் வேகம்) விழுந்து வண்டி நிற்கிறது. உடனே மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை.’ இந்த இரண்டு வரிக்கும் ‘ஜெனரல் செக்கப்’புக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னால் வழக்கின் பலமே. எந்த நிலையில், எவ்வளவு ஓடியபின், என்ன நடக்கிறது, டேஷ்போர்டில் எந்த லைட் எரிகிறது என்று நாலும் இருக்க வேண்டும். முடிந்தால் கோளாறு வரும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரும் அதில் தெரியட்டும்.

அடுத்தது, ‘ஓகே சார், வண்டி ரெடி’ என்றதும் கையெழுத்துப் போட்டு எடுத்து வருவது. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, காலி ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ‘கோளாறு எதுவும் தெரியவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். உங்கள் வண்டி நிற்பதோ மதியம் இரண்டு மணிக்கு, திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கோளாறு வரும் அதே நிலையில் ஓட்டிக் காட்ட நேரம் கேளுங்கள். மறுத்தால், மறுத்தார்கள் என்பதை அன்றே மெயிலில் எழுதி அனுப்புங்கள். சரியாகாத வண்டியை எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேல் ‘கோளாறு தீரவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் கம்பெனியிலிருந்து கருத்துக் கேட்டு போன் வரும். அதற்கு முன்பே அட்வைசர் கூப்பிட்டு, “பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார், இல்லன்னா என் இன்சென்டிவ் போயிடும்” என்பார். அந்தப் பையன் பாடு பரிதாபம்தான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் சரியாகாத வண்டிக்குப் பத்து மார்க் போட்டால், வாடிக்கையாளர் திருப்தி, புகார் முடிந்தது என்று கம்பெனிக் கணக்கில் பதிந்துவிடும்.

வாரண்டி இருக்கும்போதே தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டுவதும் நிறையப் பேர் செய்வது. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் எவ்வளவோ கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வாரண்டி முடிந்தபின் நானே அவர்களிடம்தான் போவேன். ஆனால் எச்சரிக்கை லைட்டை அணைக்க பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால், பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீடும் சேர்ந்து அழிந்துவிடும். லைட் அணையும், கோளாறு இருக்கும், சாட்சி போய்விடும். வெளியில் ஃபாக் லைட்டோ மியூசிக் சிஸ்டமோ மாட்ட ஒயரை வெட்டி ஒட்டினாலும் இதே கதைதான். எலெக்ட்ரிகல் கோளாறு எது வந்தாலும் அந்த ஒட்டைக் காட்டி வாரண்டியை மறுப்பார்கள்.

எல்லாக் கோளாறும் தயாரிப்புக் குறையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் விற்கும், பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரி தானாக எரிந்து போக, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். காசிமேட்டுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மட்டுமே ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. ஃபில்டர் லைட் எரிந்தால் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். ஓனர்ஸ் மேனுவலில் சொன்னபடி செங்குன்றம் பக்கம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்தாலே பெரும்பாலும் அணைந்துவிடும். விட்டுவிட்டால் ஃபில்டரையே மாற்றும் செலவில் கொண்டுபோய் நிறுத்தும். இந்தப் பக்கமே தினசரி ஓட்டம் என்றால் பெட்ரோல் வண்டி வாங்குவதே நல்லது.

மழைக்காலத்தில் இன்னொன்று. கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் இல்லையென்றால் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. அதைவிட மோசம், முன்பிருந்தே சொல்லிவந்த கோளாறுக்கும் ‘தண்ணி புகுந்த வண்டி சார்’ என்று ஒரே பதில் வந்துவிடும். தள்ளி மேட்டில் நிறுத்தி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு டோ செய்யுங்கள்.

இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிளீனிங், கோட்டிங் என்று எஸ்டிமேட்டில் சேர்ப்பவற்றை மேனுவலில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, அதில் இல்லாததை அடித்துவிடுங்கள். உங்கள் சேஸிஸ் நம்பருக்கு ரீகால் அறிவிப்பு (குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதாவது இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். ரீகால் வேலைக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

கோபத்தில் செய்யும் இரண்டு காரியங்கள் உங்களையே திருப்பித் தாக்கும். ஒன்று, ‘வண்டியே ஓடல, நான் ஏன் டியூ கட்டணும்’ என்று இஎம்ஐயை நிறுத்துவது. கடன் கொடுத்த வங்கிக்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை. கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெட்டு, வண்டியும் பறிபோகலாம். மற்றது, ‘நீங்களே வெச்சுக்கோங்க’ என்று ஷோரூமில் விட்டுவிட்டு வருவது. பார்க்கிங் கட்டணம் கேட்பார்கள், நீங்கள்தான் எடுக்க வரவில்லை என்பார்கள். விட்டே ஆகவேண்டும் என்றால் காரணத்தை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்குங்கள்.

டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள், ஜாப் கார்டுகளை தேதிவாரியாக இணைத்து. பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். டீலர் அம்பத்தூரில் இருந்தாலும் ஓஎம்ஆரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே, அதாவது சென்னை வடக்கிலேயே, புகார் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 5 முதல் 10 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை.

இங்கே பலர் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் புது வண்டி மட்டும்தான் வேண்டும் என்று கேட்பது. மாருதி கார் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டியின்படி கம்பெனியின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான், முழு வண்டியை மாற்றுவது அல்ல என்று சொல்லிவிட்டது. ஆகவே பாகத்தை மாற்றுவது, ரிப்பேர் செலவு, அலைச்சலுக்கு நஷ்டஈடு என்று படிப்படியாகக் கேளுங்கள். வண்டியையே மாற்றவோ பணத்தைத் திரும்ப வாங்கவோ வேண்டும் என்றால் தயாரிப்பிலேயே குறை என்று நிபுணர் அறிக்கை தேவைப்படும். ஆணையம் மூலமாகவே பரிசோதனை கேட்டு மனுப் போடலாம். புகார் கொடுக்கக் காலக்கெடு 2 வருடம். ‘அடுத்த சர்வீஸ்ல பாத்துடலாம் சார்’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல அது கரைந்துகொண்டிருக்கும்.

கால் டாக்ஸி ஓட்டுபவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, தானே ஓட்டி வாழ வாங்கிய வண்டிக்கு சட்டம் விலக்குத் தருகிறது. புகாரின் முதல் பக்கத்திலேயே அதைத் தெளிவாக எழுதி, உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.