கதையைச் சொல்லிவிட்டால் விமர்சனம் ஆகிவிடாது: சிறு விமர்சனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு புத்தகத்தைப் பற்றியோ படத்தைப் பற்றியோ 150 சொல்லில் எழுதித் தரச் சொன்னால், இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரை யாரைக் கேட்டாலும் 120 சொல்லுக்குக் கதையைத்தான் எழுதித் தருவார்கள். மிச்சம் 30 சொல் "அருமை", "அனைவரும் பார்க்க வேண்டும்" என்று கரைந்துவிடும். படித்தவருக்குக் கதை தெரிந்துவிட்டது. எழுதியவர் அதில் எதைப் பார்த்தார் என்பதுதான் தெரியவில்லை. சிறு விமர்சனத்தில் வரும் தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்தே கிளைக்கின்றன.

கதைக்கு அதிகம் போனால் 40 சொல். யார், எங்கே, என்ன சிக்கல் என்பதோடு கையை எடுத்துவிட வேண்டும். "கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை; மகன் படகை விற்பதா, தானே ஏறுவதா என்று நிற்கிறான்." இவ்வளவும் 11 சொல்தான். விற்றானா, ஏறினானா என்பது படிப்பவர் பாடு. எந்த இடத்தில் நிறுத்துவது என்று குழப்பம் வந்தால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். படமானால் முதல் அரை மணி நேரம், நாவலானால் முதல் ஐந்தில் ஒரு பங்கு; அதைத் தாண்டி நடப்பதை வெளியே விடாதீர்கள். முடிவு சரியில்லை என்று சொல்ல முடிவையே போட்டு உடைக்கத் தேவையில்லை. "கடைசி 20 பக்கம் அவசரம், 3 ஆண்டு ஒரே பத்தியில் ஓடிவிடுகிறது" என்றால் குறையும் பதிவாகிவிட்டது, கதையும் பத்திரமாக இருக்கிறது.

மீதி 110 சொல்லில் பாதியை ஒரே ஒரு காட்சிக்குக் கொடுங்கள். ஐந்து காட்சியைத் தொட்டுத் தொட்டுப் போனால் ஒன்றும் மனசில் நிற்காது. சிறுகதைத் தொகுப்புக்கும் இதே விதிதான். 12 கதை இருந்தால் 12க்கும் ஆளுக்கொரு வரி என்று பந்தி பரிமாற வேண்டாம். நன்றாக வந்த ஒன்று, சறுக்கிய ஒன்று, இரண்டு போதும்.

எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரி

"பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்", "பின்னணி இசை படத்துக்குப் பலம்", "இரண்டாம் பாதி தொய்வு", "ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து". இந்த நாலு வரியையும் எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். எழுதி முடித்ததும் படத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு ஒரு படத்தின் பெயரை அங்கே வைத்துப் படித்துப் பாருங்கள். வரி அப்படியே பொருந்தினால் அதை அடித்துவிட வேண்டியதுதான்.

அடித்த இடத்தில் என்ன எழுதுவது? கண்ணும் காதும் பிடித்ததை. "இசை பலம்" என்பதற்குப் பதில், "மடிவலையைப் படகில் ஏற்றும் காட்சியில் இசையே கிடையாது; கயிறு இழுக்கும் வின்ச் சுற்றும் சத்தமும் கயிறு உரசும் சத்தமும்தான்" என்று எழுதலாம். "தொய்வு" என்று மட்டும் சொன்னால் போதாது, எதனால் தொய்வு என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியைப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அல்லது இடைவேளைக்குப் பிறகு நாயகன் தானாக எந்த முடிவும் எடுக்காமல் நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். எது என்று எழுதிவிட்டால் "தொய்வு" என்ற சொல்லே வேண்டியிராது.

கதையையும் திரைக்கதையையும் ஒன்றாக்குவது இன்னொரு வழக்கமான சறுக்கல். என்ன நடந்தது என்பது கதை. அதை எந்த வரிசையில், எப்போது, எவ்வளவு மறைத்துச் சொல்கிறார்கள் என்பது திரைக்கதை. கதை அரதப்பழசாக இருந்தும் திரைக்கதை புதிதாக இருக்கலாம். அதேபோல, மொழிமாற்றுப் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு "வசனம் செயற்கை" என்று மூல எழுத்தாளர் தலையில் கட்டாதீர்கள். தமிழ்ப் படத்திலும் நடிகையின் குரல் வேறொருவருடையதாக இருப்பது சாதாரணம். குரலைப் புகழ்வதற்கு முன் பெயர்ப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள்.

நம்ம கடல் திரையில் வரும்போது

இந்த இராமநாதபுரம் கரையில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. பாம்பனையும் தனுஷ்கோடியையும் காட்டும் படத்தையோ நாவலையோ வெளியூர்க்காரர் சரிபார்க்க முடியாத இடத்தில் இவர்கள் சரிபார்க்கலாம். ஆனால் பலர் ஊர் திரையில் வந்த மகிழ்ச்சியிலேயே மயங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் "எங்கள் ஊரைத் தப்பாகக் காட்டிவிட்டார்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கொதிக்கிறார்கள். எது தப்பு என்று ஆண்டோடு சொன்னால்தான் அது விமர்சனம்.

சில கணக்குகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914இல், பக்கத்துச் சாலைப் பாலம் 1988இல். ஆகவே 1975இல் நடக்கும் கதையில் நாயகி மண்டபம் ஊரிலிருந்து பஸ்ஸில் இராமேசுவரம் தீவுக்குள் வந்து இறங்கினால் அது பிழை. அவள் ரயிலில்தான் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் படகில். தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதை 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. 1970இல் அங்கே ரயில் போய் நின்றால் அதுவும் பிழை. பழைய ரயில் பாலத்தின் தூக்கு நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் இறக்கைபோல மேலெழும்பியது. நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயர்வது 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில்.

மீன்பிடித் தடைக்காலம் இன்னும் நுணுக்கமானது. கிழக்குக் கரையில் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மே மாதம் என்று காட்டிவிட்டு விசைப்படகு வரிசையாகக் கடலுக்குப் போனால் குறை சொல்லலாம். ஆனால் நாட்டுப்படகு போவதைக் காட்டினால் அது குறை இல்லை, தடை அவர்களுக்குப் பொருந்தாது. இந்த வித்தியாசம் தெரியாமல் குறை சொன்னால் பிழை விமர்சகருடையதாகிவிடும். கடலும் அப்படித்தான். தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வது சும்மா இல்லை. ஆண்டின் பெரும்பகுதி ஒன்று குளம்போலக் கிடக்கும், ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் வாடைக்காற்று காலத்தில் பெண்கடலும் சீறும். ஆகவே காட்சி எந்த மாதத்தில் நடக்கிறது என்று பார்க்காமல் அலையைப் பற்றிப் பேசக் கூடாது.

பேச்சுமொழியை எடைபோடும்போது சொல்லைச் சொல்லிக் காட்டுங்கள். "வட்டார வழக்கு சரியில்லை" என்றால் யாருக்கும் புரியாது. "பாம்பன் படகுத்துறையில் நிற்கும் ஆள் 'இன்னாபா' என்கிறார், இது சென்னைக் காசிமேட்டுப் பேச்சு" என்றால் எல்லாருக்கும் புரியும். கீழக்கரை வீட்டுக்குள் நடக்கும் கதையில் வாப்பா, உம்மா, காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா) என்ற விளிகள் சரியாக வருகின்றனவா, வீட்டுப் பெண்கள் பேசுவதும் கடைத்தெருவில் ஆண்கள் பேசுவதும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று கவனித்தால் அது வெளியூர் விமர்சனத்தில் கிடைக்காத சரக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: பாலம் தப்பு என்பதற்காகப் படம் தப்பு ஆகிவிடாது. பிழைகளுக்கு ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு வரி. பிழைப் பட்டியலே விமர்சனமாகிவிட்டால் அது சுங்கச் சோதனை.

நாடகத்துக்குச் சினிமா அளவுகோல்

மிக அதிகமாகக் கெடுவது நாடக விமர்சனம்தான். இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் போடுகிற ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்துவிட்டு, "நாடகக் குழுவினர் சிறப்பாக ஒத்திகை செய்திருந்தார்கள், இயக்கம் நேர்த்தி" என்று எழுதுவார்கள். அங்கே குழுவும் இல்லை, இயக்குநரும் இல்லை, ஒத்திகையும் இல்லை. நாயகன் வேடமான ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேடமான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளியான பபூனும் ஆட்டக்காரியான டான்ஸும் வேறு ஊர். ஒவ்வொருவரையும் அந்த இரவுக்கென்று தனித்தனியாகப் பேசி அழைத்து வருகிறார்கள். பல சமயம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அன்று மாலைதான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாட்டும் கதைச் சட்டகமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது. இடையில் வரும் பேச்சில் பெரும்பகுதி அந்த மேடையிலேயே பிறப்பது. எனவே இங்கே பார்க்க வேண்டியது ஒத்திகையின் நேர்த்தியை இல்லை. எதிராளி எதிர்பாராமல் போட்ட பந்தை எப்படித் திருப்பினார் என்பதை.

அடுத்த தவறு பாதியில் எழுந்து வருவது. நாடகம் ஏறக்குறைய 10 மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடக்கும். முதல் சில மணி நேரம் பபூன், டான்ஸ் நகைச்சுவைக்குப் போய்விடும். 12 மணிக்கே வீட்டுக்குப் போனவர் 'வள்ளி திருமணம்' நாடகத்தைப் பார்க்கவே இல்லை, அதன் முன்வாசலைப் பார்த்திருக்கிறார். உட்கார முடியவில்லை என்றால் குற்றமில்லை. "1 மணி வரை பார்த்தது" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

நோட்டீஸில் உள்ள பெயரை அப்படியே எடுத்து எழுதுவதும் ஆபத்து. கடைசி நேரத்தில் ஆள் மாறுவது உண்டு. மேடையில் அறிவிக்கும் பெயரைக் கேட்டு நோட்டீஸோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாள, ஒலிக் கருவிகள்) வாசிப்பவர்களை விட்டுவிடாதீர்கள். சுருதியை ஏற்றி இறக்கி நடிகரைக் காப்பாற்றுவது பல நேரம் ஆர்மோனியக்காரர்தான். எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதும் முக்கியம். கடற்கரை மேடையில் காற்று வரும் திசையில் உட்கார்ந்தவருக்கு உச்சஸ்தாயி மட்டும் கேட்கும், பேச்சு காற்றோடு போய்விடும். அவர் "குரல் எடுபடவில்லை" என்று எழுதினால் அது காற்றின் மேல் சொல்ல வேண்டிய புகார்.

பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கமாக வருவது இது:

"திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்தோம். நடிகர்கள் அனைவரும் வாழ்ந்து காட்டினர். இசை இனிமை. நேரம் போனதே தெரியவில்லை."

இப்படி வந்தால் எவ்வளவு தேவலை:

"நோட்டீஸில் 10 மணி, விளக்கு எரிந்தது 10.40க்கு. பபூன் ஒரே சிலேடையை மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. வள்ளி வந்த பிறகுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாரதர் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் ஆர்மோனியத்தைத் திரும்பிப் பார்த்து, அரை நிமிடம் காக்க வைத்து, பாட்டாகவே பதிலைப் போட்டார். நாரதர் அடுத்த கேள்வியை மறந்தே போனார். விருத்தர் வேடத்தில் முருகன் வந்தபோது மணி 4. பாதிப் பேர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தவர்களுக்கு நல்ல விருந்து."

நாடகத்தை நூலாகப் படித்தால் "படித்தேன்" என்றே எழுதுங்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதி பெயரில் நொண்டி நாடகம் என்ற பழைய செய்யுள் நாடகமே இருக்கிறது. அதன் செய்யுளைப் படித்துவிட்டு மேடையில் கண்டதுபோல நடிப்பைப் பற்றிப் பேச முடியாது.

விவரக் குறிப்பு

சுருக்கமாக இது. நூலென்றால் தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பக்கம், விலை. ஆண்டைப் போடும்போது முதல் பதிப்பா மறுபதிப்பா என்று பதிப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 40 ஆண்டுக்கு முந்தைய நாவலை "இந்த ஆண்டு வந்த புதிய நாவல்" என்று அறிமுகப்படுத்துவது இப்படித்தான் நடக்கிறது. மேற்கோளுக்குப் பக்க எண். பின்னட்டை வாசகத்தையும் அணிந்துரையையும் படிக்கும் முன்பே உங்கள் வரியை எழுதிவிடுங்கள். முதலிலேயே படித்துவிட்டால் அவர்கள் சொல் உங்கள் சொல்லாக வந்து உட்கார்ந்துகொள்ளும். படத்துக்கு எந்த மொழி வடிவம், தியேட்டரா வீடா என்பது. "5க்கு 3.5" என்று போட்டால் அந்தக் குறைந்த 1.5 எங்கே போனது என்றும் ஒரு வரி வேண்டும்.

தெரிந்தவர் எழுதிய நூல்

சிறிய ஊரில் இதுதான் பெரிய சங்கடம். நூலாசிரியர் நாளைக்கே இராமநாதபுரம் பஸ் நிலையத்தில் எதிரே வருவார். அதற்குப் பயந்து "வளரும் எழுத்தாளர், வாழ்த்துகள்" என்று முடித்துவிடுகிறார்கள். வாழ்த்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம். உறவோ நட்போ இருந்தால் "ஆசிரியர் தெரிந்தவர்" என்று ஒரு வரி போட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு காட்சி, ஒரு நிறை, ஒரு குறை எழுதுங்கள். குறையை ஆள் மேல் வைக்காமல் பக்கத்தின் மேல் வையுங்கள். "இவருக்கு உரையாடல் எழுத வரவில்லை" என்றால் சண்டை. "62ஆம் பக்கத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் பேசுகிறார்கள், பெயரை மறைத்தால் யார் பேசுவது என்று தெரியவில்லை" என்றால் ஆசிரியரே புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்.